ரசீது இல்லாத ரூபாய்: தத்தெடுப்புக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் புதியவர்களுக்கான வழிகாட்டி

தத்தெடுப்பதற்காக, தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான மத்திய தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் தம்பதியரிடம் யாராவது ஒருவர் வந்து, "எதற்கு இவ்வளவு காத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது தமிழ்நாட்டில் அபூர்வம் அல்ல. சொல்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதில்லை. உறவினராகவோ, கருத்தரிப்பு மையத்தில் பழக்கமானவராகவோ, உண்மையிலேயே உதவ நினைப்பவராகவோ இருப்பார். அந்தச் செலவு எதற்காக என்று கேட்கத் தெரிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

காத்திருப்பு நீளமானது என்பதை மறைப்பதில் பயனில்லை. நாடு முழுவதும் பதிவு செய்து வரிசையில் நிற்பவர்கள் 30,000 பேருக்கு மேல். 2024-25ஆம் ஆண்டில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேர். அதுவே கடந்த பல ஆண்டுகளில் மிக உயர்ந்த எண்ணிக்கை. கைக்குழந்தை வேண்டும் என்று கேட்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கத் தயாராக வேண்டும். இந்த இடைவெளியில்தான் தரகர்களின் வியாபாரம் நடக்கிறது. சட்டப்படி கட்டும் கட்டணம் ஒரு சரிபார்ப்புக்காகவோ, குழந்தையைப் பராமரித்த செலவுக்காகவோ போகிறது. தரகரிடம் கொடுக்கும் பணம் ஏதோ ஒரு சரிபார்ப்பைத் தாண்டிச் செல்வதற்காகப் போகிறது. அது பெற்ற தாய் யோசிப்பதற்கான காலமாக இருக்கலாம், உங்களுக்கு முன்னால் நிற்பவரின் முறையாக இருக்கலாம், குழந்தை கடத்தப்பட்டதா என்ற விசாரணையாகவும் இருக்கலாம். பின்வரும் படிகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

முதற்படி: எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

இந்தியாவில் தத்தெடுப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் கீழ் 2022 செப்டம்பரில் வெளியிடப்பட்ட தத்தெடுப்பு விதிமுறைகளும். ஆதரவற்ற குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோரால் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை ஆகிய மூவரையும் இந்த வழியில்தான் தத்தெடுக்க வேண்டும். எந்த மதத்தவரும் இதைப் பயன்படுத்தலாம். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடியும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள், ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் (அப்போது நடப்பில் இருந்தது அதன் 2000ஆம் ஆண்டு வடிவம்) வழியாகத் தத்தெடுக்கும் உரிமை மதத்தைப் பொறுத்தது அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது.

மற்றொன்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம். இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு இது பொருந்தும். பெரும்பாலும் குடும்பத்துக்குள் நடக்கும் தத்துக்கு ஏற்றது. குழந்தையைக் கொடுக்கும் உரிமை தந்தைக்கும் தாய்க்கும், அவர்கள் இல்லாதபோது நீதிமன்ற அனுமதி பெற்ற பாதுகாவலருக்கும் மட்டுமே உண்டு. பொதுவாகக் குழந்தை 15 வயது நிறையாததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மகன் இருப்பவர் மகனையும், மகள் இருப்பவர் மகளையும் இந்த வழியில் தத்தெடுக்க முடியாது. எதிர்ப்பாலினக் குழந்தையானால் தத்தெடுப்பவருக்கும் குழந்தைக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும்.

தரகர்கள் மிகவும் விரும்புவது இந்த இரண்டாம் சட்டத்தைத்தான். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, "பத்திரம் போட்டாச்சு, இனி பயமில்லை" என்பார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முறையாகப் பதிவான தத்துப் பத்திரத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெற்றவர் யார் என்றே தெரியாத குழந்தைக்கு, செவிலியரோ காப்பகக் காப்பாளரோ கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. பணம் கைமாறினால் இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படியும் குற்றமே. வாங்கியவர், கொடுத்தவர் இருவருக்கும் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

உறவினர் குழந்தையை இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழும் தத்தெடுக்கலாம். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் உறவினர் என்று ஏற்பது குழந்தைக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், பெரியம்மா, சித்தி முறையில் உள்ளவர்களையும் இருபக்கத்துத் தாத்தா பாட்டிகளையும் மட்டுமே. நம் வழக்கில் "ஒன்றுவிட்ட" என்ற சொல்லால் சேர்த்துக்கொள்ளும் சொந்தங்கள் எல்லாம் அந்த வரையறைக்குள் வருவதில்லை.

இரண்டாம் படி: தகுதியும் பதிவும்

தம்பதியருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கையும் இருவரின் சம்மதமும் தேவை. தனியாக வாழ்பவர்களும் தத்தெடுக்கலாம். ஆனால் பெண் குழந்தையைத் தனி ஆண் தத்தெடுக்க முடியாது. குழந்தைக்கும் தத்தெடுப்பவருக்கும் இடையே 25 வயதாவது வித்தியாசம் வேண்டும். வயது வரம்பு குழந்தையின் வயதைப் பொறுத்து மாறும்: இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது, தனிநபருக்கு 40, இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்கு 90, 45, நான்கிலிருந்து எட்டு வரை 100, 50, எட்டு வயதுக்கு மேல் 110, 55. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் உள்ளவர்கள் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளையும், எளிதில் குடும்பம் கிடைக்காத குழந்தைகளையும் மட்டுமே கேட்கலாம். உறவினர் தத்துக்கு இந்தத் தடை இல்லை.

'காரா' என்று எல்லோரும் அழைக்கும் மத்திய தத்துவள ஆணையத்தின் அரசு இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். பதிவை நீங்களே செய்யலாம். கணினி பழக்கம் இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, உங்களை அறிந்த இருவரின் கடிதங்கள் ஆகியவற்றை உரிய காலத்துக்குள் பதிவேற்ற வேண்டும். வரிசை நாடு முழுவதற்கும் ஒன்றே. அதனால் "எங்கள் மையத்தில் பதிந்தால் சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்லும் மையம், தன்னிடம் இல்லாத அதிகாரத்தை விற்கிறது.

2021 மே மாதத்தில், கொரோனாவில் பெற்றோரை இழந்த பச்சிளம் குழந்தைகளைத் தத்தெடுக்க வாருங்கள் என்று தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் செய்திகள் நாடெங்கும் பரவின. நல்லெண்ணத்தில் பகிர்ந்தவர்களே அதிகம். அரசும் குழந்தை உரிமை ஆணையங்களும் அவை சட்டவிரோதமானவை என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. அத்தகைய செய்தி எந்தப் பேரிடருக்குப் பிறகு வந்தாலும் அதில் உள்ள எண்ணை அழைக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

மூன்றாம் படி: பணத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்

உள்நாட்டில் வசிப்பவர்கள் தத்தெடுப்புக்காகச் செலுத்த வேண்டிய தொகை மூன்று வகைப்படும். உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் சூழலையும் மனநிலையையும் ஆராய்ந்து சமூகப் பணியாளர் தயாரிக்கும் இல்ல ஆய்வு அறிக்கைக்கு 6,000 ரூபாய். குழந்தையைப் பராமரித்த சிறப்புத் தத்துவள மையத்துக்குக் குழந்தைப் பராமரிப்பு நிதி என்ற பெயரில் ஒரு தொகை. 2017 விதிமுறைகளில் அது 40,000 ரூபாயாக இருந்தது, அதன்பின் திருத்தப்பட்ட தொகையைக் கட்டும் நாளன்று இணையதளத்தில் உள்ள கட்டண அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தொடர் ஆய்வு வருகைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு லட்சத்தைத் தொடாது. பயணச் செலவும், நீங்கள் விரும்பும் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டுவதற்கான செலவும் உங்களுடையவை. வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பவர்களுக்குப் பராமரிப்பு நிதி 5,000 அமெரிக்க டாலர்.

பணம் மையத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே செல்ல வேண்டும். ரசீதில் மையத்தின் பெயர், தொகை, எதற்காக என்ற விவரம் மூன்றும் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். "கட்டணம் அவ்வளவுதான், ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு நன்கொடை செய்தால் நன்றாக இருக்கும்" என்ற பேச்சு வந்தால் அதையும் மறுத்துவிடுங்கள். கொடுக்க மனமிருந்தாலும் உங்கள் தத்து நடக்கும் காலத்தில் அந்த மையத்துக்கு அரிசி மூட்டைகூடக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயம் அல்ல. இளைஞர் நீதிச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி, தத்து ஆணை வழங்குபவர், விதிமுறைகள் அனுமதித்த கட்டணத்தைத் தவிர வேறு எந்தப் பணமோ பரிசோ கைமாறவில்லை என்றும், கைமாறுவதாக உடன்பாடும் இல்லை என்றும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் ஒரு புகார் எழுந்தால், உங்கள் நன்கொடை நன்கொடையாகத் தெரியாது.

தரகர் கேட்கும் தொகைக்கும் கட்டண அட்டவணைக்கும் உள்ள தூரத்தை 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் காட்டியது. அரசு மருத்துவமனையில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண், குழந்தையின் நிறத்துக்கும் பாலினத்துக்கும் ஏற்றபடி விலை சொல்லும் ஒலிப்பதிவு வெளியானது. விலைகள் லட்சங்களில் இருந்தன. முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பதாகவும் அதில் பேச்சு வந்தது. வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குப் போனது. அந்தப் பேச்சில் வாங்குபவருக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தரப்படும் என்பது. பெறாத பெண்ணைப் பெற்றவளாகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் ஒரு போலி ஆவணம். அது குழந்தையின் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் போலி ஆவணம்.

நான்காம் படி: குழந்தை எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் தத்தெடுக்கும் பெற்றோரின் ஆவணங்களோடு நின்றுவிடுகின்றன. என் பார்வையில் அதைவிட முக்கியமானவை குழந்தையின் ஆவணங்கள்.

ஒரு தாயோ பெற்றோரோ தம் குழந்தையை வளர்க்க இயலாது என்று முடிவு செய்தால், அந்த ஒப்படைப்பு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் குறித்து முடிவெடுக்க மாவட்ட அளவில் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக்குழுவின் முன்னிலையில் நடக்க வேண்டும். தம்பதியரானால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மணமாகாத தாயானால் அவர் மட்டும் போதும். அதன்பின் இரண்டு மாத காலம், மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் காலம் முடிந்த பிறகே குழந்தை தத்துக்குச் சட்டப்படி உகந்தது என்று குழு அறிவிக்கலாம். கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். பெற்றோரைத் தேடும் முயற்சிகள் நடந்தபின், இரண்டு வயது வரையுள்ள குழந்தையானால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதானால் நான்கு மாதத்துக்குள்ளும் அந்த அறிவிப்பு வர வேண்டும்.

தரகர் தரும் குழந்தைக்கு இந்த இரண்டு மாதம் கிடைத்திருக்காது. மகப்பேறு முடிந்த மறுநாளே, கடனிலும் அவமானப் பயத்திலும் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து வாங்கப்பட்டிருக்கும். அவளுக்குச் சேர்ந்த தொகை நீங்கள் கொடுத்ததில் சிறு பங்காக இருக்கும். "அவளும் சம்மதித்துத்தானே கொடுத்தாள்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். யோசிக்க அவகாசமும், வேறு வழிகளைச் சொல்ல ஒரு ஆலோசகரும் இல்லாத இடத்தில் பெற்ற சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை, ஏற்காதது சரியே.

வேறு வழி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைகள் நலத் திட்டத்தில், வறுமையால் குழந்தையைப் பிரிய வேண்டிய நிலையில் உள்ள குடும்பத்துக்கு நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் வழங்க இடமுண்டு; கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கணவனை இழந்த பெண்கள் இந்த உதவியைப் பற்றிக் கேள்விப்படாமலேயே குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுவது நம் நிர்வாகத்தின் குறை. உங்களிடம் யாராவது "ஒரு ஏழைப் பெண் கொடுக்கத் தயாராக இருக்கிறாள்" என்று வந்தால், அந்தப் பெண்ணை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். அதன்பிறகும் அவர் ஒப்படைக்க விரும்பினால் அதற்கு வழி இருக்கிறது. 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டமும் இதற்காகவே உள்ளது.

குழந்தையின் வரலாற்றை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1990களின் இறுதியில் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், உரிமம் பெற்ற ஒரு தத்தெடுப்பு நிறுவனத்தின் வழியாக, பெற்றோரே ஒப்படைத்ததாகக் காட்டும் போலித் தாள்களுடன் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005இல் வெளிப்பட்டது. வாங்கிய குடும்பங்கள் எல்லாம் முறையாக நடந்ததாகவே நம்பியிருந்தன. வெளிநாட்டுத் தத்தை ஒழுங்குபடுத்தும்படி உச்ச நீதிமன்றம் 1984இலேயே, லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, நீதிபதி பி. என். பகவதியின் தீர்ப்பில் நெறிகளை வகுத்திருந்தது; காரா 1990இல் உருவானதும் அந்தத் தீர்ப்பின் விளைவே. விதி இருந்தும் தாள்களைச் சரிபார்க்கும் கை இல்லாமல் போனதுதான் நடந்தது. எனவே குழந்தைகள் நலக்குழு வழங்கிய அறிவிப்பு ஆணையின் நகலையும், குழந்தையின் நிலை குறித்த ஆய்வறிக்கையையும், மருத்துவ அறிக்கையையும் படித்துப் பாருங்கள். தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆனால் பெற்ற தாயின் பெயரையோ முகவரியையோ கேட்காதீர்கள். அதை மறைத்து வைப்பது சட்டம் அவருக்குத் தந்த பாதுகாப்பு.

ஐந்தாம் படி: அழைப்பு, சந்திப்பு, ஆட்சியரின் ஆணை

உங்கள் முறை வரும்போது குழந்தையின் படமும் அறிக்கைகளும் இணையதளத்தில் காட்டப்படும். 48 மணி நேரத்துக்குள் முன்பதிவு செய்ய வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் நேரில் சென்று குழந்தையைப் பார்த்து, பொருத்தக் குழுவின் முடிவோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றபின், ஆணை வரும் வரை தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற முறையில் குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். மையம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம் தாக்கல் செய்யும். 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம் வழங்கிய தத்து ஆணையை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஆட்சியரே வழங்குகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பமும் கேட்கப்பட வேண்டும்.

இந்த மாற்றம் தாமதத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் நிலவரி முதல் தேர்தல் வரை சுமக்கும் ஓர் அலுவலகம், பணம் கைமாறியதா என்ற கேள்வியை நீதிபதியைப் போல் நிதானமாகக் கேட்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆகவே உங்கள் தரப்பிலேயே ரசீதுகளை வரிசைப்படுத்தி, கேட்கப்படாவிட்டாலும் சமர்ப்பித்துவிடுங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். வேவு பார்க்க வருகிறார்கள் என்று சில குடும்பங்கள் இதை எண்ணுகின்றன. உண்மையில் குழந்தை ஒட்டவில்லை, தூங்கவில்லை, பள்ளியில் சிக்கல் என்ற எதையும் தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இதுவே. தத்தெடுத்த செய்தியைக் குழந்தையிடம் மறைக்காதீர்கள். வளர்ந்தபின் தன் வேர்களைத் தேட விதிமுறைகள் வழி வைத்துள்ளன, எனவே கோப்பை முழுமையாகப் பாதுகாத்து வையுங்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு வேறு பாதை

தத்துக்கு உகந்தது என்று அறிவிக்கப்படாத, ஆனால் வீடும் இல்லாத குழந்தைகள் காப்பகங்களில் ஏராளமாக உள்ளனர். பெற்றோர் சிறையிலோ, தீராத நோயிலோ, வந்து பார்க்காமலேயோ இருப்பார்கள். அத்தகைய குழந்தையைக் குழந்தைகள் நலக்குழு ஒரு குடும்பத்திடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. 2024இல் திருத்தப்பட்ட மாதிரி நெறிமுறைகளின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது வழங்கப்படுகிறது. 35 முதல் 60 வயதுக்குள் உள்ள தனிநபர்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணுக்கு ஆண் குழந்தை மட்டுமே. குழந்தை பின்னர் சட்டப்படி தத்துக்கு உகந்ததானால், இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இது ஐந்து ஆண்டாக இருந்தது.

இதைத் தத்துக்கான குறுக்குவழியாக எண்ணி வருபவர்கள் ஏமாறுவார்கள். பெற்றோர் குழந்தையை வந்து பார்க்கலாம். சூழ்நிலை சரியானால் குழந்தை அவர்களிடமே திரும்பலாம். அதுவே இந்த ஏற்பாட்டின் நோக்கம். தத்துக்கு உகந்தது என்று குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது.

இங்கே பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. அரசு குழந்தைக்காகக் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. வளரும் பிள்ளையின் சாப்பாடு, துணி, பள்ளிச் செலவுக்கு அது போதாது. கைக்காசு போட முடியாதவர்கள் முன்கூட்டியே யோசிப்பது நல்லது. அந்தப் பணத்தைவிடக் கவலை தருவது வேறொன்று. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை "எடுத்து வளர்க்கிறோம்" என்று அழைத்து வந்து சமையலறையிலும் கைக்குழந்தை பார்ப்பதிலும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. குழந்தைகள் நலக்குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அந்த ஆய்வு உங்கள் வீட்டில் நடக்கவில்லை என்றால் நீங்களே கடிதம் எழுதிக் கேளுங்கள். குழந்தையைத் தனியாகப் பேசவிடுங்கள்.

கண்காணிக்க வேண்டியவர்கள் யார், புகார் எங்கே?

மாவட்ட அளவில் குழந்தைகள் நலக்குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆட்சியர், மாநில அளவில் முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று அறியப்பட்ட குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையும் மாநிலத் தத்துவள முகமையும், நாட்டளவில் காரா. இவற்றுக்கு வெளியே மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உள்ளது. எல்லாக் காப்பகமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ. ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு காப்பகத்துக்கும் செல்ல வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், 2021இல் மதுரையில் ஒரு காப்பகம் தன்னிடமிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலித் தாள் காட்டிவிட்டு அதை விற்றிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்த பிறகே குழந்தை மீட்கப்பட்டது; விற்கப்பட்ட இன்னொரு குழந்தையும் அப்போது கிடைத்தது. அதனால் புகார் கொடுப்பது பிறர் வேலை என்று ஒதுங்க முடியாது. 1098 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். மருத்துவமனையில் பேரம் நடப்பதாகத் தெரிந்தால் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள்: குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை, மருத்துவமனை ஊழியரானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை. பிறந்த குழந்தை ஒரு மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால் அதன் உரிமத்தை முதலில் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியிருக்கிறது.

ஏற்கெனவே தவறான வழியில் குழந்தை வந்துவிட்டிருந்தால்

முறையின்றித் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். இந்நிலையில் உள்ளவர்கள் செய்யக்கூடிய மிக மோசமான காரியம், மேலும் பணம் கொடுத்து மேலும் ஒரு போலித் தாளை உண்டாக்குவது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே ஒரு வழக்கறிஞரைச் சந்தித்து, அவர் துணையோடு குழந்தைகள் நலக்குழுவின் முன் உண்மையைச் சொல்வதே எஞ்சியுள்ள நேரான வழி. குழந்தை உங்களிடமே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பெற்ற தாய் விசாரிக்கப்படுவார், குழந்தை மையத்துக்கு அனுப்பப்படலாம்.

கோயில் வாசலிலோ பேருந்து நிலையத்திலோ குழந்தையைக் கண்டெடுத்தவர்களும் அதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ, 1098 வழியாகவோ, குழந்தைகள் நலக்குழுவிடமோ தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ விதிக்கப்படலாம். கண்டெடுத்தவர் என்ற காரணத்தால் அந்தக் குழந்தை மீது முன்னுரிமை எதுவும் கிடையாது. தத்தெடுக்க விரும்பினால் அவரும் மற்றவர்களைப் போலவே இணையதளத்தில் பதிந்து வரிசையில் நிற்க வேண்டும்.